குதிருக்குள் ஒரு கூடம்: கேப் டவுன் தானியக் கிடங்கு கலைக்கூடமான கதை

கேப் டவுன் துறைமுகத்தில் 57 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. 1924-ல் கட்டி முடித்தபோது சகாராவுக்குத் தெற்கே அதைவிட உயரமான கட்டடம் இல்லை என்பார்கள். கோயிலும் அல்ல, கோட்டையும் அல்ல. மக்காச்சோளம் கொட்டிவைக்கும் இடம். நம் பாட்டி வீட்டுக் கூடத்தில் மண்ணால் செய்த குதிர் ஒன்று நிற்குமே, மேலே கொட்டி அடியில் இருக்கும் துளை வழியாக நெல்லை எடுப்பார்களே, அதே வேலைதான். அப்படிப்பட்ட குதிர்கள் 42. ஒவ்வொன்றும் 33 மீட்டர் உயரம், ஐந்தரை மீட்டர் விட்டம், தேன்கூடுபோல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை.

2017 செப்டம்பர் 22 முதல் அந்தக் கட்டடத்தின் பெயர் சைட்ஸ் மொகா. ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்காகவே அமைந்த அருங்காட்சியகம். ஒன்பது தளங்கள், 9,500 சதுர மீட்டர் பரப்பு, அதில் 6,000 சதுர மீட்டர் காட்சிக்கு மட்டும். செலவு 50 கோடி தென்னாப்பிரிக்க ராண்ட். பழைய துறைமுகக் கட்டடத்தைக் கலைக்கூடமாக மாற்ற நினைப்பவர்கள் உலகெங்கும் இதன் படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். படத்தில் தெரிவது கான்கிரீட்டைக் குடைந்த அழகு. படத்தில் தெரியாத கதை வேறு: கான்கிரீட்டைக் குடைய மூன்று நான்கு ஆண்டுகள் போதுமானதாக இருந்தன, "பொது" என்ற சொல்லைக் குடைவதற்கு அது போதவில்லை.

தானியம் ஏறி இறங்கிய விதம்

கிடங்கு வருவதற்கு முன்பு தென்னாப்பிரிக்காவின் மக்காச்சோளம் சாக்கு மூட்டையில்தான் கப்பல் ஏறியது. அந்தச் சணல் சாக்குகூட இந்தியாவிலிருந்து வந்தது. மூட்டை கட்டி, ரயிலில் ஏற்றி, இறக்கி, முதுகில் சுமந்து, மறுபடி ஏற்றி என்று ஒவ்வொரு கட்டத்திலும் கூலி, ஒவ்வொரு கட்டத்திலும் சிதறல். ரயில்வேயும் துறைமுகமும் அங்கே ஒரே அரசு நிர்வாகத்தின் கீழ் இருந்தன. அந்த நிர்வாகம் உள்நாட்டு ரயில் நிலையங்களை ஒட்டிச் சிறு கிடங்குகளையும், கேப் டவுனிலும் டர்பனிலும் இரண்டு பெரிய துறைமுகக் கிடங்குகளையும் கட்டியது. சாக்கை ஒழித்து, தானியத்தைத் தண்ணீர்போல ஓடவிடுவதுதான் நோக்கம்.

கட்டடம் இரண்டு பாகம். ஒன்று, உயர்ந்த கோபுரம். மற்றொன்று, 42 குழாய்கள் நிற்கும் சேமிப்புப் பகுதி. ரயில் பெட்டி உள்ளே வந்து சரக்கைத் தரைக்கு அடியில் கொட்டும். கன்வேயர் பட்டை ஓடி அதைக் கோபுரத்தின் அடிக்குக் கொண்டுபோகும். சங்கிலியில் கோத்த வாளிகள் உச்சிவரை அள்ளிக்கொண்டு ஏறும். அங்கே எடை போட்டுத் தரம் பிரித்துக் குழாய்களுக்குள் விடுவார்கள். கப்பல் வந்ததும் குழாயின் அடியில் மதகைத் திறந்தால் தானியம் தன் பாரத்தில் இறங்கும். அடியில் ஓடும் பட்டை அதை வாங்கிக்கொண்டு போகும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பஞ்சாலையோ சரக்குக் கொட்டகையோ என்றால் உள்ளே பெரிய வெற்றிடம் இருக்கும். சுத்தம் செய்து வெள்ளையடித்து விளக்கு மாட்டினால் பாதி வேலை முடிந்தது. இங்கே உள்ளே இடமே இல்லை. தளம் இல்லை, சன்னல் இல்லை, அறை இல்லை. மனிதன் உள்ளே நிற்பதற்காகக் கட்டப்பட்டதே அல்ல. வெளியே பிரம்மாண்டம், உள்ளே 42 கிணறுகள்.

நிலம் யாருடையது

துறைமுகத்தின் இந்தப் பகுதிக்கு வயது அதிகம். 1860-ல் விக்டோரியா அரசியின் மகன் ஆல்பிரட் இங்கே வந்து அலைதடுப்புச் சுவருக்கு முதல் கற்களைக் கொட்டித் தொடங்கிவைத்தார். அதனால்தான் தாய், மகன் இருவர் பெயரிலும் இது விக்டோரியா-ஆல்பிரட் வாட்டர்ஃப்ரண்ட். கன்டெய்னர் கப்பல்கள் வந்தபின் பழைய கப்பல்துறைகளில் வேலை குறைந்தது. 1988-ல் அரசின் போக்குவரத்து நிறுவனம் இந்த நிலத்தை மேம்படுத்தத் தனிக் கம்பெனி தொடங்கியது. கடைகள், உணவகங்கள், விடுதிகள், மீன்காட்சியகம் என்று ஒவ்வொன்றாக வந்து நாட்டிலேயே அதிகம் பேர் வந்துபோகும் இடங்களில் ஒன்றாக ஆனது. நடுவில் தானியக் கிடங்கு மட்டும் ஓய்ந்துபோய், 2000ஆவது ஆண்டை ஒட்டி முற்றிலும் வேலை நின்று, பெரிய பூட்டோடு நின்றது.

2006-ல் வாட்டர்ஃப்ரண்ட் லண்டன், துபாய் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. 2011-ல் 970 கோடி ராண்டுக்கு மீண்டும் தென்னாப்பிரிக்கர்கள் கைக்கு வந்தது. பாதி, குரோத்பாயின்ட் என்ற நில முதலீட்டு நிறுவனத்துக்கு. மறுபாதி, அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு. இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. ஆசிரியர், தாதியர், போலீஸ்காரர் ஆகியோரின் ஓய்வூதியப் பணம் அது. அதாவது அந்தக் குதிர்களில் சரிபாதிக்கு, சுற்றிவளைத்துப் பார்த்தால், பொதுமக்களே சொந்தக்காரர்கள். ஆனால் ஓய்வூதிய நிதியின் கடமை நிலத்திலிருந்து வருமானம் எடுப்பது. கலை வளர்ப்பது அல்ல. திட்டத்தின் எல்லா முரண்களும் இங்கே தொடங்குகின்றன.

இடித்துவிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி 60 ஆண்டைக் கடந்த எந்தக் கட்டடத்தையும் அனுமதியில்லாமல் தொட முடியாது. அதோடு இவ்வளவு கான்கிரீட்டை இடித்து அகற்றுவதும் சிறிய செலவு அல்ல. தொழில்துறைப் பாரம்பரியம் என்று இன்று நாம் கொண்டாடும் கட்டடங்களில் எத்தனை அன்பால் பிழைத்தன, எத்தனை இடிப்புச் செலவால் பிழைத்தன என்று யாராவது கணக்கெடுத்தால் சுவையாக இருக்கும்.

ஒரு மணி மக்காச்சோளம்

வாட்டர்ஃப்ரண்ட் நிர்வாகம் லண்டன் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கை அழைத்தது. கட்டடத்துக்கு என்ன பயன் என்பது முடிவாகும் முன்பே அவரோடு பேச்சு நடந்துவந்தது. பயன், வேறொரு திசையிலிருந்து வந்தது. பூமா நிறுவனத்தின் முன்னாள் தலைவர் யோகன் சைட்ஸ், ஜெர்மானியர், ஆப்பிரிக்காவிலிருந்தும் புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கர்களிடமிருந்தும் சமகாலப் படைப்புகளைப் பெரிய அளவில் வாங்கிச் சேர்த்திருந்தார். அவற்றை வைக்க இடம் தேடினார். 2013 நவம்பரில் இருதரப்பும் ஒப்பந்தத்தை அறிவித்தன: கட்டடச் செலவு வாட்டர்ஃப்ரண்டுடையது, சைட்ஸின் தொகுப்பு நீண்டகால இரவலாக வரும், அருங்காட்சியகம் லாபநோக்கமற்ற பொது நிறுவனமாக இயங்கும், பெயர் அவருடையது.

ஹெதர்விக் முன்னால் இருந்த கணக்கு சிக்கலானது. குழாய்களை முழுவதும் இடித்து உள்ளே சதுர அறைகள் கட்டினால் பாரம்பரியம் என்பது வெளித்தோல் மட்டும். குழாய்களை அப்படியே விட்டால் படம் மாட்டக்கூடச் சமதளச் சுவர் இல்லை. அவர் எடுத்த வழி நடுவில் ஓடுகிறது. கட்டடத்தில் கிடந்த மக்காச்சோளத்தில் ஒரே ஒரு மணியை எடுத்தார்கள். அதைக் கணினியில் ஸ்கேன் செய்து 27 மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கி, குழாய்களின் நடுவே அந்த மணியின் வடிவத்தில் வெற்றிடம் குடைந்தார்கள். மணி இருந்த இடத்தில் மணியின் உருவமே கூடமாயிற்று.

சொல்ல எளிது. அந்தக் குழாய்ச் சுவரின் தடிப்பு 17 சென்டிமீட்டர் அளவுதான். முழு வட்டமாக நிற்கும்வரை அது பாரத்தைத் தாங்கும்; குறுக்கே வெட்டினால் வட்டம் போய்விடும், பலமும் போய்விடும். முட்டை ஓட்டைக் கையில் வைத்து அமுக்கினால் உடையாது, ஒரு துளை போட்டபின் அமுக்கிப் பாருங்கள். ஆகவே முதலில் ஒவ்வொரு குழாயின் உள்ளேயும், இருந்த சுவரைவிடத் தடிப்பான புதுக் கம்பிக் கான்கிரீட் சுவர் வார்த்தார்கள். பழைய குழாய் புதுக் குழாயை அணிந்துகொண்டது. பிறகு மணியின் வளைவு எந்தச் சுவரை எந்தப் புள்ளியில் தொடுகிறது என்று ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கணித்து, ஆணி அடித்துக் குறித்தார்கள். ஆணியிலிருந்து ஆணிக்கு ரம்பம் போட்டு வெட்டியது மனிதக் கைகள். கணினி வரைந்த கோட்டைத் தூசியிலும் இரைச்சலிலும் சாரத்தின் மேல் நின்றுகொண்டு நிஜமாக்கியது தொழிலாளர்கள்தான். விருதுப் பட்டியல்களில் அந்தப் பெயர்கள் இருப்பதில்லை. 1924-ல் கட்டியவர்களின் பெயர்களும் இல்லை.

வெட்டிய விளிம்பை அருகில் போய்ப் பார்த்தால்தான் இந்தக் கட்டடத்தின் சிறப்பு புரியும். வெளிப்பக்கம் பழைய கான்கிரீட், கையால் கொட்டிக் கிளறியது. உள்ளூர்க் கற்கள் ஒரே அளவாக இல்லாமல் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கின்றன. உட்பக்கம் புதிய கான்கிரீட், சீரான சாம்பல் நிறம். வெட்டுமுகத்தை மெருகேற்றிவிட்டதால் இரண்டும் அருகருகே, மரத்தின் வளையங்களைப்போலத் தெரிகின்றன. ஏறத்தாழ 90 ஆண்டு இடைவெளி ஒரே விளிம்பில் அடங்கியிருக்கிறது. பழையதையும் புதியதையும் பிரித்துக் காட்டுங்கள் என்று பாரம்பரியப் பாதுகாப்பு நெறிகள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இந்த விளிம்பு பேசாமல் சொல்லிவிடுகிறது.

குழாய்களின் மேல்வாயைக் கண்ணாடியால் மூடினார்கள். டோகோ நாட்டுக் கலைஞர் எல் லோகோ உருவாக்கிய குறியீடுகள் அந்தக் கண்ணாடியில் பதிந்திருக்கின்றன. மேல்தளத்தில் அதன்மேல் நடக்கலாம். கீழே நிற்பவருக்கு வெயில் அந்தக் குறிகளின் வழியே இறங்கி வரும். சில குழாய்களுக்குள் உருளை வடிவ மின்தூக்கி, ஒன்றில் சுழல் படிக்கட்டு. அடித்தளத்தில் தானியப் பட்டை ஓடிய சுரங்க வழிகளை அப்படியே விட்டுவைத்தார்கள். வெளிச்சுவரில் பல பத்தாண்டுகளாகப் பூசியிருந்த சாயத்தைச் சுரண்டி எடுத்துப் பழைய கான்கிரீட்டை வெளியே கொண்டுவந்தார்கள். கோபுரத்தில் மட்டும் வெளிப்பக்கமாக உப்பிய, பட்டை தீட்டிய கல்போன்ற சன்னல்கள்.

திறப்புவிழாவின்போது மணிக்கூடத்தில் தொங்கியது கலைஞர் நிக்கொலஸ் ஹ்லோபோவின் கறுத்த இறக்கை விரித்த பெரும்பறவை. தென்னாப்பிரிக்காவின் ஷோசா மக்களின் நம்பிக்கையில் வரும் மின்னல் பறவையின் பெயரைத் தாங்கியது, ரப்பர் டியூபையும் ரிப்பனையும் கொண்டு தைத்தது. துறைமுகத்துக்கு எந்த விளக்கமும் இல்லாமல் பொருந்துகிற பொருள் டயர் டியூப் என்று எனக்குத் தோன்றும்.

குறை என்ன? கூடத்தைத் தாண்டிக் காட்சி அறைகளுக்குள் போனால் குதிர் மறைந்துவிடுகிறது. எண்பது அறைகளும் வழக்கமான வெள்ளைப் பெட்டிகள். வெயிலும் ஈரமும் கட்டுப்பட்ட, எந்த ஊரிலும் இருக்கக்கூடிய சுவர்கள். பிற நாட்டு அருங்காட்சியகங்கள் தம் படைப்புகளை இரவல் தர வேண்டுமென்றால் அறையின் தட்பவெப்பம் குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் வேறு வழியும் இல்லை. ஆனாலும் கட்டடத்தின் தைரியம் முழுவதும் ஒரே கூடத்தில் செலவாகிவிட்டது.

குதிருக்கு மேலே

கோபுரத்தின் மேல்தளங்களில் 2017 மார்ச்சிலேயே, அருங்காட்சியகத்துக்கு ஆறு மாதம் முன்பாக, ஒரு சொகுசு விடுதி திறந்துவிட்டது. 28 அறைகள். அந்த உப்பிய சன்னல்களில் பெரும்பாலானவை கலைக்கு அல்ல, விடுதிக்கு. சுற்றிலும் அதே பெயரில் ஒரு வட்டாரம் எழும்பியது: அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள், உடற்பயிற்சிக் கூடம். "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அப்பன் குதிரின் உச்சியில் வெளிப்படையாக விடுதி நடத்துகிறார்.

இதைப் பழியாகச் சொல்லவில்லை. வாட்டர்ஃப்ரண்ட் 50 கோடி ராண்டைப் போட்டது தர்மத்துக்கு மட்டும் அல்ல. கலைக்கூடம் இருந்தால் சுற்றியுள்ள மனையின் மதிப்பு ஏறும் என்ற கணக்கும் அதில் உண்டு. அந்தக் கணக்கு இல்லாமல் அந்தப் பணம் வந்திருக்காது. ஓய்வூதிய நிதியும் வேறு எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொண்டிருக்க முடியாது. கேள்வி, அந்தக் கணக்கு கலைக்கூடத்துக்குள் யாரை அழைத்துவருகிறது என்பதில் இருக்கிறது.

திறந்தபோது டிக்கெட் 180 ராண்ட். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எப்போதும் இலவசம். ஆப்பிரிக்க நாடுகளின் குடிமக்களுக்கு புதன்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணிவரை இலவசமாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் தேசியக் குறைந்தபட்சக் கூலி 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது மணிக்கு 20 ராண்ட். அப்படியானால் ஒரு டிக்கெட் ஒன்பது மணி நேர உழைப்பு. இலவச நேரமோ வேலைநாளின் நடுக்காலை. அந்த நேரத்தில் யார் ஓய்வாக இருப்பார்கள் என்று டிக்கெட் விலையை வகுத்தவர்கள் யோசித்தார்களா?

பணம் மட்டும் தடை அல்ல, தூரமும் தடை. கேப் டவுனில் தூரம் தானாக உண்டானதல்ல; சட்டம் போட்டு உண்டாக்கியது. 1950-ன் குழுப் பகுதிகள் சட்டத்தின்படி நகரம் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டது. நகர மையத்தை ஒட்டியிருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966-ல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட, சுமார் 60,000 பேர் வீடிழந்து கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேயிருந்துதான் வாட்டர்ஃப்ரண்டுக்கு வேலைக்கு வருகிறார்கள். துறைமுகம் அவர்களுக்குப் புதிய இடம் அல்ல. வருகிற வாசல்தான் வேறு.

அப்புறம் அந்தப் பெயர். ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்காகக் கண்டத்தில் எழுந்த மிகப்பெரிய அருங்காட்சியகத்துக்கு ஐரோப்பியக் கோடீஸ்வரர் ஒருவரின் பெயர். தொடக்கத்தில் தலைமைப் பொறுப்புகளிலும் வெள்ளையரே மேலோங்கியிருந்தார்கள். தென்னாப்பிரிக்கக் கலையுலகில் இதற்கு எதிர்ப்பு திறப்புவிழாவுக்கு முன்பே கேட்டது. ஒரே மனிதர் தன் ரசனைப்படி வாங்கிய தொகுப்பு ஒரு கண்டத்தின் பார்வையாக நிற்கலாமா என்பது ஒரு கேள்வி. இரவல் என்பது இரவல்தானே என்பது அதைவிடக் கறாரான கேள்வி. திறந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2018 மே மாதம், முதல் இயக்குநர் தொழில்நடத்தை பற்றிய விசாரணையை ஒட்டி இடைநீக்கம் செய்யப்பட்டுப் பதவி விலகினார். கட்டடம் விருதுகள் வாங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நிறுவனம் நிரந்தரத் தலைவர் இல்லாமல் இருந்தது.

இரண்டாவது திறப்பு

2019-ல் புதிய இயக்குநராகக் கோயோ குவோ வந்தார். கேமரூனின் டுவாலாவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர். டக்காரில் சொந்தமாக ஒரு கலை மையத்தைக் கட்டி எழுப்பியவர். ஒரு சேகரிப்பாளரின் தொகுப்பைக் காட்டும் இடமாக இருந்ததை, ஒரு கலைஞரை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போகும் இடமாகவும், ஆப்பிரிக்காவிலிருந்து வரலாறு எழுதும் இடமாகவும் திருப்பினார். 2022 நவம்பரில் அவர் தொடங்கிய, கறுப்பின ஓவியர்கள் தம் மக்களை வரைந்த நூறாண்டுக் கதையைச் சொல்லும் காட்சி, கேப் டவுனிலிருந்து பாசலுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் போனது. இந்தத் துறைமுகத்தின் பழைய வேலை கண்டத்தின் விளைச்சலை ஐரோப்பாவுக்கு ஏற்றி அனுப்புவது. இம்முறை சரக்கோடு அதன் விளக்கமும் இங்கிருந்தே போனது. அங்கே போய்த் தரம் பிரிக்கப்படவில்லை.

ஆனால் "பொது" என்ற சொல்லைப் பொறுத்தவரை முக்கியமானது அதற்கு முந்தைய ஒரு காட்சி. 2020-ல் தொற்றுக் காலம். அருங்காட்சியகம் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்தது. சுற்றுலாப் பயணிகள் இல்லை; அதாவது 180 ராண்ட் கொடுத்து வருகிறவர்களே இல்லை. அக்டோபரில் மறுபடி திறந்தபோது நகரத்து மக்களிடம் ஓர் அழைப்பு வைத்தார்கள்: உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கலையை எங்களுக்கு இரவல் கொடுங்கள். நீங்கள் வரைந்ததாக இருக்கலாம், பிள்ளை வரைந்ததாக இருக்கலாம், தாத்தா விட்டுப்போனதாக இருக்கலாம். ஏறத்தாழ 2,000 படைப்புகள் வந்து சேர்ந்தன.

பெயர்பெற்ற ஓவியரின் படத்துக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளையின் படம். அடுக்கடுக்காகச் சுவர் நிறைய மாட்டினார்கள். இரவலின் திசை மாறியது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். ஒரு சேகரிப்பாளர் நகரத்துக்கு இரவல் கொடுப்பதற்காக எழுந்த கட்டடத்துக்கு நகரம் இரவல் கொடுத்தது. தன் வீட்டுப் படம் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது என்றால் அம்மாவும் வருவார், அத்தையும் வருவார், பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். இதற்கு 27 மீட்டர் உயர மணிக்கூடம் தேவைப்படவில்லை. ஆணியும் சுத்தியலும் போதுமாயிருந்தன.

2021 ஜனவரியில் காட்சி முடிந்தது. படங்கள் அவரவர் வீட்டுச் சுவருக்குத் திரும்பின. குவோ, உலகக் கலைக்காட்சியான வெனிஸ் பியென்னாலேயின் 2026 பதிப்புக்குப் பொறுப்பாளராக அறிவிக்கப்பட்டார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆப்பிரிக்கப் பெண். 2025 மே 10 அன்று, அந்தக் காட்சி உருவாகும் முன்பே, தம் 57-ஆவது வயதில் காலமானார். அவர் வகுத்துவைத்த திட்டத்தை அவரோடு வேலை செய்தவர்கள் எடுத்து நடத்த முன்வந்தார்கள். கேப் டவுனில் பெயர்ப்பலகை இன்னமும் சைட்ஸ் என்றே இருக்கிறது. மேல்தளத்தில் விடுதியும் இருக்கிறது. வெயில் ஏறும் நேரத்தில் எல் லோகோவின் எழுத்துகள் குழாய்களின் வழியே வந்து கூடத்தின் தரையில் விழுகின்றன, டிக்கெட் வாங்கியவர் மேலும் வாங்காதவர் மேலும்.